தொடர்பில் இல்லாத பன்னிரண்டு பேர்

1 ஜூலை 2013, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதம் அலமாரியில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு தன்னம்பிக்கை வாசகம் அச்சடித்திருக்கிறான். இன்றைய வாசகம் 'புன்னகையே சிறந்த மருந்து'. அப்படியானால் இவன் எதற்கு ஊசி மருந்து விற்கிறான் என்று தெரியவில்லை.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் டாக்டர் சிதம்பரநாதன். எங்கள் குழந்தைகள் புற்றுநோய் ஆய்வுப் பிரிவின் தலைவர். யாரிடமாவது அவரைத் திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரர் டிவியில் கிரிக்கெட் பார்க்கிறார். ஆகவே டைரி.

சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தில் வரும் புற்றுக்கட்டியைப் பற்றி நான்கு வருடமாக ஓர் ஆய்வு நடத்துகிறார் தலைவர். அறுவை செய்து கட்டியை எடுத்தபின் எங்கள் ஆஸ்பத்திரியில் இருபத்துநான்கு வாரம் மருந்து ஏற்றுவது வழக்கம். பத்து வாரமே போதாதா என்பது அவருடைய கேள்வி. மொத்தம் நாற்பது பிள்ளைகள். இருபது பேருக்குப் பழைய கணக்கு, இருபது பேருக்குப் பத்து வாரம். அதன்பின் யார் நன்றாக இருக்கிறார்கள், யாருக்குக் கட்டி திரும்ப வந்தது, யார் இல்லை என்ற விவரத்தை வைத்திருப்பது நான். பதவியின் பெயர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். உட்காரும் அறை பழைய படுக்கைவிரிப்புக் கிடங்கு.

பதினெட்டாம் தேதி ஜெய்ப்பூரில் மாநாடு. முடிவைத் தலைவர் அங்கே வாசிக்கப்போகிறார். இன்று முக்கால் மணி நேரம் ஸ்லைடுக்கு எந்த நீலம் போடுவது என்று யோசித்தார்.

"ஹெப்சி, இது ஆகாய நீலமா, கடல் நீலமா?"

"நம்ம கக்கூஸ் சுவர் நீலம் சார்."

அவர் சிரிக்கவில்லை. கடல் நீலம் என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் இறுதி விவரம் வேண்டுமாம்.

2 ஜூலை, செவ்வாய்

ஏதோ ஒரு சங்கத்தார் கேக்கோடு வந்தார்கள். பிள்ளைகள் பத்துப் பேர், சங்கத்தார் பதினாறு பேர், போட்டோகிராபர்கள் இரண்டு பேர். மொட்டைத் தலைப் பிள்ளையாகப் பார்த்துத் தேடினார்கள். முடி கொட்டாத பிள்ளை படத்துக்கு உதவாது போலிருக்கிறது.

தனுஜாவைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கப் பார்த்தார் சங்கத் தலைவர். பிள்ளைக்கு நான்கு வயது. போன வாரம்தான் இடது சிறுநீரகத்தோடு கட்டியை எடுத்தார்கள். தனுஜா அவருடைய மோதிர விரலைக் கடித்துவிட்டது. அந்த வார்டில் நான் பார்த்த ஒரே நியாயமான காரியம் அதுதான். அதன் அம்மா முப்பிடாதி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவள். எதற்கு மன்னிப்பு என்று நான் கேட்டதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. நாளைக்கு ஆள் வருகிறாராம்.

3 ஜூலை, புதன்

தொடர்பில் இல்லாத பன்னிரண்டு குடும்பங்களுக்கும் மூன்று முறை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. படிவத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

குழாய்க்காரருக்காகக் காலையிலிருந்து லீவு போட்டு வீட்டில் காத்திருந்தேன். மூன்றரைக்கு வந்தார். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

4 ஜூலை, வியாழன்

என் மேஜை இழுப்பறையில் ஆய்வுப் பிரிவின் செல்போன் இருக்கிறது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அட்டையில் அந்த எண்தான் அச்சாகியிருக்கும். 'தொந்தரவு ஏதும் இருந்தால் உடனே தெரிவிக்கவும்' என்று பெரிய எழுத்தில். நம் சனங்கள் தெரிவிக்கும் லட்சணம் தனி. ஒரு மணி அடிக்கும், நின்றுவிடும். மிஸ்டு கால். நாம் திரும்பக் கூப்பிட்டு 'என்ன வேணும்' என்று கேட்க வேண்டுமாம். நான் என்ன இவர்களுக்குச் சம்பந்தியா? பேசக் காசில்லை என்றால் ஒரு நிமிடம் பேசி வைக்கட்டுமே. இன்று மட்டும் ஏழு. சத்தம் வராமல் செய்து உள்ளே தள்ளினேன்.

அயிலை மீன் நன்றாக இருந்தது. புளி கொஞ்சம் தூக்கல்.

5 ஜூலை, வெள்ளி

இறுதி விவரம் கொடுத்தேன். தலைவர் முகம் கல்யாண வீட்டு வாசல் போல் ஜொலித்தது.

பத்து வாரம் மருந்து போட்ட இருபது பேரில் இறந்தது ஒன்று. இருபத்துநான்கு வாரம் போட்டவர்களில் இரண்டு. ஆக, குறைவான மருந்தே மேல்! பத்து வாரப் பிரிவில் ஒன்பது பேர் தொடர்பில் இல்லை, மற்றதில் மூன்று பேர். ஆனால் காணாமல் போனவர்களை இறந்தவர்களாகச் சேர்க்க முடியாது. கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்வரை உயிரோடு இருந்தார்கள், அதோடு கணக்கிலிருந்து விலகிவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். நேர்த்தியான ஏற்பாடு. ஒரு பிள்ளை செத்துப்போனால் வரைபடத்தில் கோடு இறங்கும். காணாமல் போனால் இறங்காது.

"இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு எல்லாம் பத்து வாரம்தான் ஹெப்சி. தனுஜாவிலிருந்து ஆரம்பிக்கலாம். பதினாறாம் தேதி முதல் மருந்து" என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை.

முப்பிடாதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வாரம் என்றால் தீபாவளிக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விடலாம், பீடிக் கடைப் பேரேட்டில் அவள் பெயரை அடிக்கமாட்டார்கள். பேனாவைக் கையில் வாங்கியவள் கேட்டாள்:

"ஏக்கா, இந்தப் பத்து வாரத்துல போன பிள்ளையெல்லாம் இப்போ நல்லா இருக்காவளா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"நீங்க சொல்லிட்டா சரித்தான்" என்று கையெழுத்துப் போட்டாள். படிவத்தை அவள் வாசிக்கவில்லை. வாசிக்கும்படி நானும் சொல்லவில்லை.

6 ஜூலை, சனி

தலைவலி. குழாய்க்காரர் வரவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

கோயிலில் பாதிரி ஐயர் ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். என்ன தலைப்பு என்று அவருக்கே மறந்துபோயிருக்கும். பாடகர் குழுவில் மூன்று பேர் மூன்று ராகத்தில் பாடினார்கள். நான் எதையும் கவனிக்கவில்லை என்பதே உண்மை. 'நல்லாத்தான் இருக்காங்க' என்று அந்தப் பெண்ணிடம் என்ன தைரியத்தில் சொன்னேன் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதை இங்கேயாவது எழுத வேண்டும். புதன்கிழமை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. அதற்கு முந்தைய காலாண்டிலும் செய்யவில்லை. இரண்டு வருடமாகச் செய்யவில்லை.

2011 மே மாதத்தில் சங்கரன்கோவில் பக்கத்து அம்மா ஒருத்திக்குப் போன் செய்தேன். படிவத்தில் கேள்விகள் வரிசையாக இருக்கும். பெயரைச் சரிபார்த்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். பையனுக்குக் காய்ச்சல் வந்ததா? இல்லம்மா. வாந்தி? இல்லம்மா. வயிற்று வலி? இல்லம்மா. மூத்திரத்தில் ரத்தம்? இல்லம்மா. பசி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இனிமே ஒண்ணும் வராதும்மா. இன்னைக்குத்தான் அவனுக்குப் பதினாறு கும்பிட்டோம்" என்றாள். பிறகு, "வேற ஏதும் கேக்கணுமா?" என்று கேட்டாள். எனக்காக அவள் காத்திருந்தாள். ஐந்து கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, ஆறாவது கேள்விக்கு.

அதன்பின் என்னால் அந்தப் போனை எடுக்க முடியவில்லை. முதலில் ஒருவரைத் தள்ளிப்போட்டேன். பிறகு எழுதி வைப்பது சுலபம் என்று தெரிந்தது. வீட்டுக்காரரிடம் அப்போதே சொன்னேன். "எழுதி வச்சிரு. யாரு பாக்கப் போறா?" என்றார். அதில் மட்டும் அவர் பேச்சைக் கேட்டேன்.

8 ஜூலை, திங்கள்

அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். இருபத்துநான்கு வாரப் பிரிவில் மூன்று பேர். முதல் எண்ணில் ஒரு ரீசார்ஜ் கடை. கடைக்காரர் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெருதான் என்று ஆளை அனுப்பிப் பிள்ளையின் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

"அவன் ரெண்டாங் கிளாஸ் போறான். நேத்து ஒருத்தன் மண்டைய உடைச்சிட்டான். நல்லா இருக்கவன எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும்? உங்களுக்குப் பொழுது போவலன்னா நாங்க என்ன செய்ய?"

இவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதே இல்லை. மற்ற இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். மூன்றுக்கு மூன்று. ஒரு டீ குடித்தேன். இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்றுகூட நினைத்தேன். மதியம் பத்து வாரப் பிரிவைத் தொடங்கினேன்.

முதல் பிள்ளை இல்லை.

இரண்டாவது பிள்ளை இல்லை.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

9 ஜூலை, செவ்வாய்

கடற்கரைக் கிராமத்து மரியசெல்வி. மகள் ஜெனிட்டா, மூன்று வயதில் எங்களிடம் வந்தவள். படிவத்தை எடுக்காமல் பேசினேன்.

"ஆஸ்பத்திரியிலிருந்து ஹெப்சிபா பேசுறேம்மா."

"இப்பத்தான் கூப்பிடுதியளா?" என்றாள். கோபமெல்லாம் இல்லை. "பிள்ள ஈஸ்டருக்கு முந்தி தவக்காலத்துலயே போயிட்டாளே."

"எங்களுக்குத் தெரியாதேம்மா."

"நான் மிஸ்டு கால் குடுத்தேம்லா. வயிறு திரும்ப வீங்குன மாதிரி தெரிஞ்சுது. போன்ல காசில்ல, அவுக கடலுக்குப் போயிருந்தாவ. நாலு நாளு குடுத்தேன். நீங்க கூப்பிடல. ஆபத்துன்னா ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடுவாவல்லா, கூப்பிடலன்னா பயப்பட ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

"போன் ரிப்பேரா இருந்துச்சும்மா" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்னு நானும் அவுகட்ட சொன்னேன். உங்களுக்கும் எத்தன பிள்ளைய பாக்கணும், பாவம்."

பாவமாம். என்னை.

10 ஜூலை, புதன்

பத்து வாரப் பிரிவின் ஒன்பது பேரில் ஏழு பேர் கிடைத்தார்கள். இரண்டு பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஐந்து பேர் இல்லை. ஐந்து பேருக்கும் கட்டி திரும்ப வந்திருக்கிறது. முன்னால் தெரிந்த ஒன்றையும் சேர்த்தால் ஆறு. அந்தப் பக்கம் வெறும் இரண்டு.

சாப்பிடவில்லை. குழாயைப் பற்றி வீட்டுக்காரர் ஏதோ சொன்னார்.

11 ஜூலை, வியாழன்

தலைவரிடம் தாளை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் முகத்தில் கடல் நீலம் இருண்ட நீலமாகும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆராய்ச்சியாளர் ஆயிற்றே, கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் போன்ல சொன்னது. சான்று இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே பிள்ளை இறந்திருந்தா அப்பவே ஏன் சொல்லலை? அட்டையில நம்பர் இருக்கு. நாமளும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மூணு முறை கூப்பிட்டிருக்கோம், உங்க கையெழுத்து இருக்கு. அப்பல்லாம் எடுக்காதவங்க இந்த வாரம் மட்டும் ஏழு பேரும் எப்படி எடுத்தாங்க?"

அவர் தாளை மறுபடி ஒரு முறை பார்த்தார்.

"நம்பர் மாறினதா? வேற ஏதாவது காய்ச்சல்ல போனதா? திங்கட்கிழமை ஆய்வுக் குழுவில வைக்கிறேன். தகுந்த காரணம் இல்லாம நாலு வருஷ விவரத்தை மாத்த முடியாது. அதுவரைக்கும் தனுஜாவுக்குப் பத்து வாரம்னு இருக்கிறதை மாத்த வேண்டாம்."

இந்த மனிதருக்குப் பிள்ளைகளைவிட ஸ்லைடு பெரிது என்று திட்டி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் என்னிடம் இருக்கிறது.

12 ஜூலை, வெள்ளி

தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் ஆய்வுப் பிரிவு எண்ணிலிருந்து போன அழைப்புகளின் பட்டியல் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் மூன்று படிவம் நிரப்பச் சொன்னார், இரண்டை வாங்கிக் கசக்கிப் போட்டார். கடைசியில் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான். அதிலும் பாதி நான் குழாய்க்காரருக்குச் செய்தது.

14 ஜூலை, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். இது அபூர்வம்.

"நம்பர் மாறிருச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுதுல்லா? அந்தப் பிள்ளைக்கும் நல்லதாப் போவும், உனக்கும் வேல போவாது."

"நம்பர் மாறல. அதே நம்பர்லதான் ஏழு பேரும் எடுத்தாவ. அவரு பாப்பாரு."

"அவரு பாக்க மாட்டாரு. ரெண்டு வருஷமாப் பாக்கலல்லா."

இதுவும் சரிதான். அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. பார்க்கக்கூடியவராக இருந்தால் பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்திலாவது உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் எண் மாறிவிட்டது என்று சொல்லி, அவர் அதைக் குழுவில் வைத்து, குழு அதை நம்பாமல் 'இன்னும் விசாரிக்கவும்' என்று எழுதினால், செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளைக்குப் பத்து வார மருந்துதான் ஏறும். குழுக்களுக்கு 'இன்னும் விசாரிக்கவும்' என்று எழுதுவதில் உள்ள ருசி எனக்குத் தெரியும்.

15 ஜூலை, திங்கள்

குழுவில் தலைவர், அறுவை டாக்டர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். நீதிபதி பிஸ்கட்டில் கவனமாக இருந்தார். தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். இவர்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை?

"சொன்னாங்க சார். மிஸ்டு கால் குடுத்தாங்க. நான் திரும்பக் கூப்பிடலை. மூணு முறை கூப்பிட்டதா ரெண்டு வருஷமா நான் எழுதினது எல்லாம் பொய். ஒரு தடவைகூடக் கூப்பிடலை."

பட்டியலை மேஜையில் வைத்தேன். என் கையெழுத்துப் போட்ட படிவங்களைப் பக்கத்தில் வைத்தேன். நீதிபதி பிஸ்கட்டை வைத்துவிட்டுத் தேதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. இதுவரை என்னைப் பார்த்தபோதெல்லாம் வணக்கம் சொன்ன மனிதர், நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைவர் கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவரைப் பற்றிச் சொல்ல நான்கைந்து வாக்கியங்கள்கூட வைத்திருந்தேன். அவர் லேப்டாப்பை மூடினார்.

"நாற்பதுல பன்னெண்டு பேரைக் காணோம். நான் ஒரு தடவைகூடக் கேக்கலையே" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு அறுவை டாக்டரிடம், "தனுஜாவுக்கு இருபத்துநாலு வாரம். இப்பவே எழுதிடறேன். பத்து வாரத்தில உயிரோட இருக்கிற பிள்ளைங்க அத்தனை பேரையும் ஸ்கேனுக்கு வரச்சொல்லணும்" என்றார். ஜெய்ப்பூருக்கு வரவில்லை என்று அங்கேயே மெயில் அனுப்பினார். இந்த மனிதரை இத்தனை வருடம் கேலி செய்து பிழைத்திருக்கிறேன்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. விளக்கம் என்ன, ஒரு வரிதான். மாதக் கடைசிவரை வார்டில் படிவ வேலை பார்க்க வேண்டும், அதன்பின் முடிவு சொல்வார்கள்.

சாயங்காலம் மரியசெல்விக்குப் போன் செய்தேன்.

"போன் ரிப்பேர் இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கூப்பிடலை."

அவள் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"உலை கொதிக்கி" என்றாள். "வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள்.

16 ஜூலை, செவ்வாய்

புதிய சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு முப்பிடாதியிடம் போனேன். பத்து வாரம் போதாது, இருபத்துநான்கு வாரம் என்றேன். அன்றைக்கு நல்லாத்தான் இருக்காங்க என்று விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், பல பிள்ளைகள் நன்றாக இல்லை என்றேன். அவள் காதில் இருபத்துநான்கு மட்டும்தான் விழுந்தது.

"ஏ, என்ன வெளையாடுதியளா? பத்துன்னிய, கையெழுத்து வாங்குனிய. இப்போ இருபத்துநாலா? பிள்ள கையப் பாருங்க, குத்துறதுக்கு எடம் இருக்கா? ஊர்ல சொல்லிட்டேனே தீவாளிக்கு வாரோம்னு! பீடிக் கடையில எம் பேர அடிச்சா நீங்க வந்து சுத்துவியளா? உங்க பிள்ளைன்னா இப்படிச் செய்வியளா? வாய்க்கு வந்தபடி சொல்லுத உங்களையெல்லாம் ஆரு இங்கன வச்சது? மேசையில உக்காந்து பேனா பிடிச்சா ஏழை பாழையெல்லாம் மனுசியாத் தெரியாது என்னா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து அவளை அடக்கப் பார்த்தாள். நான் நர்ஸைப் போகச் சொன்னேன். முப்பிடாதி மூச்சு வாங்க நின்று, மறுபடி ஆரம்பித்தாள். என் சேலையைத் திட்டினாள், என் கண்ணாடியைத் திட்டினாள், நான் வாழ்ந்த வாழ்வைத் திட்டினாள். கடைசியில் படிவத்தைப் பிடுங்கி, அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டு என் மேல் எறிந்தாள். தனுஜா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தது. பதினொன்றே காலுக்கு மருந்து ஏற ஆரம்பித்தது.

மரியசெல்வி திட்டவில்லை. இவளாவது திட்டட்டும் என்று நின்று வாங்கிக்கொண்டேன்.